ஏரிக்கரை வீடு: போரூரா, சிட்லபாக்கமா, பெரும்பாக்கமா?

சென்னையில் ஏரி பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். விளம்பரத்தில் பால்கனி, தண்ணீர், இரண்டு பறவை என்று மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். குடிபோன பிறகு நடக்கிற வாழ்க்கை மூன்றிலும் வேறு வேறு.

ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஏரி என்பதைவிட ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்து ஏரிகள் சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் கரை போட்டு மழைத்தண்ணீரைத் தேக்கியவை. தண்ணீர் வந்து ஏறி நிற்கிற உட்பகுதி உள்வாய். கரைக்கு வெளியே மதகுத் தண்ணீர் பாய்ந்த வயல்கள், அதாவது பழைய ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும். கோடையில் உள்வாய் காய்ந்து மைதானம் மாதிரி கிடக்கும், அங்கே போய் மனை பார்த்தால் அருமையான இடம் என்றுதான் தோன்றும். உள்வாயிலும் கலங்கலிலிருந்து போகும் கால்வாயின் ஓரத்திலும் வீடு வாங்கவே வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. கரைக்கு வெளியே இருப்பவை பரவாயில்லை, ஆனால் அதுவும் தாழ்ந்த நிலம்தான் என்பதால் தெரு மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முழுக் கொள்ளளவு எல்லையைத் தாண்டிய மேட்டுப் பக்கம் கிடைத்தால் அதுதான் நல்ல இடம்.

சரி, போரூர். கிண்டி, ராமாபுரம், பூந்தமல்லி பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிட வசதியான ஏரி ஊர் கிடையாது. ராமச்சந்திரா மருத்துவமனை பக்கத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோ பாதையும் இந்த ஊர் வழியாகத்தான். ஆனால் இங்கே ஏரி பெரும்பாலும் கண்ணுக்கு மட்டும்தான். பைபாஸ் சாலை ஏரியை ஒட்டியே போகிறது, ராத்திரி லாரிச் சத்தம் நிற்காது, காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையில் நடக்கலாம் என்ற ஆசையோடு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பத்தாவது மாடியில் காற்றும் காட்சியும் போதும், வார நாளெல்லாம் ஆபீஸ் என்று இருக்கிற தம்பதிக்குச் சரியாக வரும். வெள்ளத்தைப் பொறுத்தவரை போரூர் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அடையாற்றுப் பக்கம் சாய்கிற மணப்பாக்கமும் முகலிவாக்கமும் 2015 டிசம்பரில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், அதே சமயம் மேட்டில் இருக்கிற தெருக்கள் தப்பின. போரூர் விலாசம் என்று விற்கப்படும் வீடு உண்மையில் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள்.

சிட்லபாக்கத்தின் மேல் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏரிக்குள் குப்பை, கழிவுநீர், ஆக்கிரமிப்பு என்று கிடந்ததை, அந்த ஊர் மக்கள் பல வருடம் மனு கொடுத்து, வழக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறை மாட்டிக்கொண்டு தாங்களே இறங்கிக் குப்பை அள்ளி, அரசை அசைத்து மீட்டார்கள். இன்றைக்குக் கரையில் நடைபாதை இருக்கிறது, விடிகாலையில் போனால் மஃப்ளர் கட்டிய பெரியவர்களும் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கிற அக்காமார்களும் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஓய்வுபெற்றவர்களுக்கும், அப்பா அம்மாவைக் கூட வைத்திருப்பவர்களுக்கும் என் முதல் தேர்வு இதுதான். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் இரண்டு ரயில் நிலையமும் கிட்டத்தில், சித்த மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், இருபது மாடி என்று எதிர்பார்த்தால் இங்கே வராதீர்கள். தனி வீடுகளும் ஆறு எட்டு ஃபிளாட் உள்ள சின்னக் கட்டடங்களும்தான் அதிகம். மாதப் பராமரிப்புப் பணம் குறைவு, ஆனால் மோட்டார் ரிப்பேர் ஆனால் நீங்களும் எதிர் ஃபிளாட்காரரும்தான் பிளம்பரைத் தேட வேண்டும். கனமழையில் சில தெருக்களில் தண்ணீர் நிற்பதும் உண்மை. உபரிநீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாகப் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர வேண்டும், நடுவில் எங்கே அடைத்தாலும் மேலே இருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற பக்கத்தில்தான் பெரும்பாக்கம் இருக்கிறது. காட்சி என்று பார்த்தால் மூன்றில் இதை அடிக்க ஆளில்லை. குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் பால்கனியிலிருந்தே தெரியும். சோழிங்கநல்லூர் எல்காட் ஐ.டி. வளாகத்தில் வேலை என்றால் பயணமும் குறைவு. பெரிய கேட்டட் கம்யூனிட்டி வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்கிறவர்களுக்கு எல்லாமே உள்ளேயே கிடைக்கும். ஆனாலும் இங்கே வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கம் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது பழக்கமாகிவிட்டது. மாறாக, 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் லாரித் தண்ணீருக்கே தவம் கிடந்தார்கள், சில ஐ.டி. நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டன. கண்ணெதிரே அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு சம்ப் நிரப்ப லாரிக்குக் காத்திருக்க வேண்டிய நிலை. இதற்கு மேல் சட்டச் சிக்கலும் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லையிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள், சதுப்புநிலம் பற்றிய ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இந்த நிலைமையில் முன்பணம் கட்டுவது பெரிய ரிஸ்க். பறவைகளுக்காகவே அங்கே இருக்க ஆசையா, மேல்மாடியில் வாடகைக்குப் போங்கள், இரண்டு மழைக்காலம் இருந்து பாருங்கள்.

கொரட்டூரையும் சிலர் கேட்பார்கள். ரயில் இருக்கிறது, ஏரி பெரியது, நிறையப் பறவை வரும். கழிவுநீர் கலக்கிற பிரச்சினைக்காக அங்குள்ள மக்கள் வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது தீராமல் ஏரி பார்த்த வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

எந்த ஊர் என்றாலும் வீட்டைப் பார்க்க நவம்பரில் போங்கள், மழை விட்ட மறுநாளே. கட்டடத்துக்குள் போகும் முன் பக்கத்துப் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள், முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ பழுப்பாக ஒரு கோடு ஓடினால் அதுதான் அந்தத் தெருவின் வெள்ள மட்டம். மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் உயரமான மேடையில் ஏற்றப்பட்டிருந்தால் காரணத்தை வாட்ச்மேனிடம் கேளுங்கள், விற்பனைப் பிரதிநிதியிடம் அல்ல. அப்புறம் சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கிராம வரைபடத்தையும், எந்த எண் எந்த வகை நிலம் என்று சொல்கிற வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் பார்த்து, அந்த எண்ணோ ஒட்டிய எண்ணோ ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருக்கிறதா எனத் தெரிந்துகொள்ளுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் இதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் வில்லங்கச் சான்றில் பத்திரப் பதிவுகள்தான் வரும், நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பது வராது.