தென் அமெரிக்கப் புடைப்பு வரைபடம்: மலைகள் அருமை, கடல்தான் காணோம்

வகுப்பறைக்காக வாங்கிய தென் அமெரிக்கப் புடைப்பு வரைபடத்தை ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் படியவைத்து, மலையும் மேடும் கைக்குத் தட்டுப்படும்படி செய்த வகை இது. ஒன்றே கால் மீட்டர் உயரம். இயற்கை அமைப்போடு கனிமங்கள், எண்ணெய், நீர்மின் நிலையங்கள் ஆகியவற்றின் குறியீடுகளையும் மேலே அச்சிட்டிருக்கிறார்கள். புவியியல் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கண்டத்தின் வளம் ஏன் அங்கங்கே கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க, தட்டையான வரைபடத்தை விட இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் தயாரித்தவர்கள் நன்றாகவே கோட்டை விட்டிருக்கிறார்கள்.

முதலில் உயரக் கணக்கு. இதன் அளவை 1:70,00,000. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 70 கிலோமீட்டர். இந்த அளவையில் உயரத்தை உள்ளபடியே காட்டினால், 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவா சிகரம் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக எழும்பாது. அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு பெருக்கியிருக்கிறார்கள். அப்போதுதான் அது ஒரு சென்டிமீட்டர் மேடாக விரலில் படும். இந்தப் பெருக்கத்தைக் குறிவிளக்கத்திலேயே தெளிவாக எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பல வரைபடங்களில் இதைச் சொல்வதே இல்லை. அதனால் ஆண்டீஸ் மலைத்தொடர் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும்.

இந்த வரைபடத்தின் உயிர் ஆண்டீஸ்தான். வெனிசுவேலாவில் தொடங்கி கண்டத்தின் தென்கோடி வரை கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர். வடக்கில் கொலம்பியாவில் மலை மூன்று கிளையாகப் பிரிவதை விரல் வைத்தே எண்ணலாம். ஈக்வடாரில் ஒடுங்குகிறது. பொலிவியாவுக்கு வரும்போது அகன்று, இரண்டு தொடர்களாகப் பிரிந்து, நடுவில் ஒரு பீடபூமியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் ஆல்டிபிளானோ. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இருபக்க மலைகளோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்தால் அது ஒரு தாழ்வான தட்டு. வடமேற்கில் 3,812 மீட்டர் உயரத்தில் டிட்டிகாகா ஏரி. தெற்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக உயூனி உப்புவெளி.

லித்தியம் பாடத்தை நான் இப்போது இந்த இடத்தில் விரலை வைத்துத்தான் தொடங்குகிறேன். சுற்றிலும் மலை. பெய்யும் மழைக்கும் உருகும் பனிக்கும் கடலுக்குப் போக வழியே கிடையாது. எரிமலைப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் நடுவில் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்புநீரில்தான் லித்தியம். உயூனி மட்டும் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பொலிவியா, அர்ஜென்டினா, சிலி மூன்றும் சேர்ந்த முக்கோணப் பகுதியில் உலகில் இதுவரை கண்டறிந்த லித்தியத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. “ஏன் அங்கே மட்டும்?” என்று கேட்ட பையனிடம் தனியாக எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி வெளியே போக வழியில்லையே” என்று அவனே சொல்லிவிட்டான்.

எங்கள் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருக்கிறாள். பெருவின் கடற்கரையில் விரலை வைத்து நேர் கிழக்காக நகர்த்தச் சொன்னேன். கரையை விட்டதுமே மேடு கிடுகிடுவென ஏறியது. உச்சியில் கொஞ்ச தூரம் கரடுமுரடு. அப்புறம் ஒரே இறக்கம். அதற்குப் பிறகு அரை மீட்டர் தூரத்துக்கு விரல் வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. “டீச்சர், இதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டாள். அந்த ஒன்றுமே இல்லாத இடம்தான் அமேசான் படுகை. பெருவில் உள்ள இக்கிட்டோஸ் நகரம் ஆற்று வழியில் அட்லாண்டிக்கில் இருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து உயரமோ நூறு மீட்டர் சொச்சம்தான். கடலில் ஓடும் கப்பல்களே அங்கே வரை வந்துபோகின்றன. பத்து மடங்கு பெருக்கியும் அந்த நூறு மீட்டர் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்பதே அமேசானைப் பற்றிய சரியான தகவல்.

அந்த ஆற்றின் தலைப்பு ஊற்றுகள் தெற்குப் பெருவின் மலைகளில், பசிபிக்கில் இருந்து 200 கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, கண்டத்தையே குறுக்காகக் கடந்து அட்லாண்டிக்குக்குப் போகிறது. கடலில் சேரும்போது விநாடிக்குச் சுமார் 2,00,000 கன மீட்டர் தண்ணீர். இப்படி முதுகைக் காட்டி ஓடக் காரணம், குறுக்கே எழும்பிய ஆண்டீஸ். இதற்கு நேர் எதிரான இன்னொரு ஆற்றையும் இந்த வரைபடத்தில் காட்டலாம். பிரேசிலின் தென்கிழக்குக் கரையை ஒட்டி ஒரு சரிவு விளிம்பு இருக்கிறது. அதன் மேல், அட்லாண்டிக்கில் இருந்து 22 கிலோமீட்டர் தொலைவிலேயே டியெட்டே ஆறு பிறக்கிறது. பீடபூமி உள்நாட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதால் அது கடலைப் பார்க்காமல் மேற்கே ஓடி பரானாவில் கலக்கிறது. அந்தப் பரானாவில்தான், பிரேசில் பராகுவே எல்லையில், 14,000 மெகாவாட் திறனுள்ள இட்டைப்பு அணை. கடலோரத்தில் பெய்த மழை உள்நாட்டில் மின்சாரமாவது எப்படி என்று ஒரே ஒரு சாய்வை வைத்தே சொல்லிவிடலாம். இந்த விளிம்பை அச்சில் அவ்வளவு கூர்மையாக எடுத்திருக்கிறார்கள். வடக்கே கயானா மேட்டுநிலத்தில் மேசை மாதிரி நிற்கும் மலைகளும் அப்படியே. 979 மீட்டர் ஏஞ்சல் அருவி விழுவது அதில் ஒன்றில் இருந்துதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை பச்சை நிறம். தாழ்நிலம் எல்லாவற்றுக்கும் பச்சை, உயரம் கூடக்கூட மஞ்சள், பழுப்பு, கடைசியில் வெள்ளை என்ற பழைய வழக்கத்தையே பின்பற்றியிருக்கிறார்கள். உயரத்துக்கான நிறம் என்று குறிவிளக்கத்தில் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையும் பச்சையைப் பார்த்தால் காடு, வயல் என்றுதான் நினைக்கும். பெருவின் கரையோரம் முழுக்க இதில் இளம்பச்சை. உண்மையில் அது பாலைவனம். லிமா மாநகரமே அந்தப் பாலைவனத்தில்தான் இருக்கிறது. மலையில் இருந்து இறங்கும் ரீமாக் ஆறுதான் அதற்குத் தண்ணீர். இன்னும் தெற்கே, சிலியின் அரிக்கா துறைமுகத்தில் ஆண்டு மழை சராசரி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதற்கும் பச்சை! கண்டத்தின் தெற்கே இருக்கும் பட்டகோனியாவிலும் இதே கதை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று சிலிப் பக்கமே மழையைக் கொட்டிவிடுவதால், மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பிரதேசம், காய்ந்த புல்வெளி. வரைபடத்தைப் பார்த்தால் நெல் விளையும் பூமி என்று தோன்றும். உயரத்தைத்தான் மேடே சொல்லிவிடுகிறதே. நிறத்தைத் தாவரத்துக்கோ மழைக்கோ கொடுத்திருக்கலாம். தட்டையான வரைபடத்துக்கு இல்லாத வசதி இது. அதைக் கையில் வைத்துக்கொண்டே வீணடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கனிமக் குறியீடுகள். எல்லாம் ஒரே அளவு. உலகத் தாமிர உற்பத்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத் தரும் சிலிக்கு ஒரு சிவப்புச் சதுரம். எங்கோ ஒரு சிறு சுரங்கத்துக்கும் அதே சதுரம். எஃகை வலுவாக்கச் சேர்க்கும் நையோபியம் என்ற உலோகத்தில், உலக உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தரும் பிரேசிலுக்கு அதன் குறியே இல்லை. எண்ணெய் விஷயத்தில் மராக்கைபோ ஏரியையும் ஒரினோகோ பகுதியையும் சரியாகக் குறித்திருக்கிறார்கள். வெனிசுவேலாவின் கணக்குப்படி அங்கே 30,000 கோடி பேரல் இருப்பு. வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு கிடையாது. ஆனால் கயானாவுக்கு வெளியே கடலில் 2015-இல் கண்டுபிடித்து, 2019 இறுதியில் எடுக்கத் தொடங்கிய எண்ணெய்க்குப் புள்ளிகூட இல்லை. பதிப்பு ஆண்டைப் பார்த்தால் இதற்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

இத்தனைக்கும் குறிகளை வைத்த இடம் சரியாக இருப்பதால் பாடம் நடத்த முடிகிறது. மேற்கே மலையோடு மலையாகத் தாமிரம், வெள்ளி, தங்கம், வெள்ளீயம். 1545-இல் வெள்ளி கண்டுபிடித்த பொலிவியாவின் பொதோசி அந்த வரிசையில். சிலியின் சுகிகமாட்டா, எஸ்கொண்டிடா தாமிரச் சுரங்கங்களும் அதே வரிசை. கிழக்கே, மழுங்கித் தேய்ந்த பழைய மேட்டுநிலத்தில் இரும்பும், அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டும். 1967-இல் கண்டறிந்த பிரேசிலின் கரஜாஸ் இரும்புத்தாதுப் பகுதியில் 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறை. நடுவில், மலையில் இருந்து அரித்து வந்த வண்டல் படிந்த பள்ளங்களில் எண்ணெய். இளம் மலை, கிழட்டு மேடு, இடையில் பள்ளம். மூன்றையும் ஒரு முறை தொட்ட பிள்ளை எந்தத் தாது எந்தப் பக்கம் என்று அப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

என்னை மிகவும் வருத்தும் குறை கடல். நிலத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் கடலை வெறும் நீலத் தாளாக விட்டுவிட்டார்கள். மேற்குக் கரையை ஒட்டியே, 8,000 மீட்டர் ஆழம் வரை போகும் பெரு–சிலி அகழி இருக்கிறது. வடக்குச் சிலியில் அகழியின் அடியில் இருந்து மலையின் உச்சிக்கு, சில நூறு கிலோமீட்டருக்குள், 14,000 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த அகழியில்தான் பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா புவித்தட்டு கண்டத்துக்கு அடியில் புகுகிறது. ஆழத்தில் அது விடும் நீர்தான் மேலிருக்கும் பாறையை உருகவைக்கிறது. உருகிய குழம்பு மேலேறி எரிமலையாகிறது; அதோடு வரும் சூடான கரைசல் பாறை வெடிப்புகளில் தாமிரத்தையும் வெள்ளியையும் படியவைக்கிறது. 1960-இல் சிலியின் வால்டிவியாவில் 9.5 அளவில் வந்த நிலநடுக்கத்துக்கும் இதுவே காரணம். கருவிகளில் பதிவானதில் அதைவிடப் பெரியது இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் மூலமான இடம் இந்த வரைபடத்தில் வழவழப்பான நீலம்.

தயாரிப்பின் தரத்தில் குறை இல்லை. அச்சுமை அழியவில்லை. சிகரங்களின் நுனியில் மட்டும் பிள்ளைகள் விரல் பட்டுப் பட்டு வெள்ளை மங்கியிருக்கிறது. ஓரச் சட்டம் சுமார். இந்த வகையைச் சுருட்டி அனுப்ப முடியாது, தட்டையாகத்தான் வரும். எனக்கு முதலில் வந்ததில் தென்கோடித் தீவுகள் நசுங்கியிருந்தன. விற்றவர்கள் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் நான்கு மூலைகளையும் தடவிப் பாருங்கள்.

மாட்டும்போது பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். விளக்கு வெளிச்சம் எதிரில் இருந்து விழுந்தால் மேடுபள்ளம் தெரியாது. பக்கவாட்டில் இருந்து விழவேண்டும். குறைகளுக்கு நான் செய்த ஒட்டுவேலையையும் சொல்லிவிடுகிறேன். கரையில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, அகழிக்காகத் தடித்த கறுப்பு நூலை ஒட்டியிருக்கிறேன். பெருவின் கரையிலும் வடக்குச் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் உப்புத்தாளை மெல்லியதாக வெட்டி ஒட்டியதில் பச்சையும் மறைந்தது, பாலைவனம் விரலுக்கும் தெரிகிறது. தாமிரத்துக்கு மூன்று அளவில் வட்ட வில்லைகள். அடுத்த பதிப்பில் கடலடியையும் அச்சில் எடுத்தால், பழையதைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் புதியதை வாங்குவேன்.