எஸ்பிரெசோவுக்குக் கை அரவையா, மின் அரவையா?

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ஃபில்டர் காப்பிக்கு அரவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் டிகாக்ஷன் இறங்கிவிடும். அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி இறக்கும் எஸ்பிரெசோ அப்படி விட்டுக்கொடுக்காது. 9 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் 18 கிராம் தூள் வழியே 25 முதல் 30 விநாடியில் ஏறத்தாழ 36 கிராம் காப்பி இறங்க வேண்டும். தூள் சற்றே பருமனானால் தண்ணீர் கடகடவென்று ஓடிப் புளிக்கும். மிகவும் நைசானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும்.

இங்கேதான் கையால் சுற்றி அரைக்கும் கை மெஷினை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். மோட்டாருக்குச் செலவில்லை என்பதால், கொடுக்கும் பணம் எஃகு அரவைப் பற்களுக்கும் ஆடாத அச்சுக்கும் போகிறது. தூளின் பருமனை மாற்றும் திருகாணியை ஒரு ‘கிளிக்’ நகர்த்தினால் காப்பி இறங்கும் நேரமே மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே தூள் அதிகம் தங்காது. ஐப்பசி மழையில், மின் மெஷினின் வாயில் தங்கும் பழைய தூள் ஈரம் குடித்துக் கட்டியாகி, மறுநாள் காப்பியில் கலக்கிறது.

மின் மெஷினின் பலம் வேகம். வீட்டில் நான்கு பேர் அடுத்தடுத்துக் கேட்டால் அதுவே சரி. இளவறுவல் கொட்டையைக் கையால் அரைப்பது தோளுக்கு வேலை. மின்வெட்டுக்குக் கை மெஷின் உதவும் என்பார்கள். காப்பி மெஷினும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது! கையால் அழுத்தும் நெம்புகோல் மெஷின் வைத்திருப்பவருக்கே அந்த லாபம்.

மிக்ஸி இரண்டுக்கும் மாற்றாகாது: அது கொட்டையை வெட்டுகிறது, சீராக அரைப்பதில்லை.