லேசர் என்று சொல்லி முகத்தைச் சுட்டுவிட்டார்கள்

இரண்டாவது மகள் பிறந்த பின்னர் என் இரு கன்னங்களிலும் மங்கு எனப்படும் கருந்திட்டுகள் படர்ந்தன. ஏழு ஆண்டுகளாகக் கண்ட கிறீம்களையெல்லாம் பூசிச் சலித்திருந்த நிலையில், வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இயங்கும் ஓர் அழகியல் நிலையம், ஆறு தடவை லேசர் செய்தால் மங்கு முற்றாக நீங்கும் என்று விளம்பரம் செய்திருந்ததை நம்பி, கடந்த பங்குனியில் 90,000 ரூபாவையும் முற்பணமாகவே செலுத்தினேன். விலைக்கழிவு கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அங்கே வெள்ளைக் கோட் அணிந்திருந்த பெண்ணை எல்லோரும் டொக்டர் என்றே அழைத்தார்கள். நான் என்ன மாத்திரை எடுக்கிறேன், அண்மையில் வெயிலில் அலைந்தேனா, முன்பு காயம்பட்ட இடங்கள் கறுத்தனவா என்று அவர் எதையும் கேட்கவில்லை. "என்ர மாதிரிக் கறுத்தத் தோலுக்கு இது ஒத்துவருமா, தங்கச்சி?" என்று நான்தான் கேட்டேன். "ஓம் அக்கா, எல்லாருக்கும் இதே மெஷின்தான், பயப்பிடாதீங்க" என்றார். அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் தடவை இலேசான சூடு மட்டுமே தெரிந்தது. இரண்டாம் தடவை, "இந்த முறை கொஞ்சம் கூட்டி வைப்பம்" என்று சொல்லி, குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கண்ணாடி முனையை அழுத்த அழுத்த, இறப்பர் பட்டியால் சுண்டியதுபோல் வலித்தது. மயிர் பொசுங்கும் நாற்றமும் வந்தது. அன்றிரவு கண்ணாடியில் பார்த்தபோது, இடது கன்னத்தில் முத்திரை குத்தியதுபோல் ஏழு செவ்வகங்கள் சிவந்திருந்தன. பத்து நாட்களில் அவை பழைய மங்குத் திட்டுகளைவிடக் கறுத்துவிட்டன.

பின்னர் நான் நாடிய தோல் வைத்திய நிபுணர், அந்தச் செவ்வகங்களைப் பார்த்ததுமே, இது லேசராக இருக்க வாய்ப்புக் குறைவு, ஐபிஎல் (IPL) எனப்படும் தீவிர ஒளித்துடிப்புக் கருவியாகத்தான் இருக்கும் என்றார். லேசர் ஒரே அலைநீள ஒளியைத் தருவது. ஐபிஎல்லோ ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீற்றர் வரையான ஒளியை ஒரு விளக்கிலிருந்து மொத்தமாகப் பாய்ச்சுவது. நம்மவரின் மேற்தோலில் மெலனின் என்ற நிறமி நிறைந்திருப்பதால், மங்குக்குச் செல்ல வேண்டிய சூட்டைச் சுற்றியுள்ள தோலே உறிஞ்சி வெந்துபோகிறது, வெந்த இடம் கறுக்கிறது. தோலை வகைப்படுத்த வைத்தியர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம்மில் பலர் கருமை கூடிய நான்காம், ஐந்தாம் வகையினர். (1975இல் அது வெள்ளைத் தோலுக்காகவே தொடங்கப்பட்டது, கரிய தோலுக்கான வகைகள் பிறகுதான் சேர்ந்தன.) எங்கள் தோலுக்கு 1064 நானோமீற்றர் என்டி யாக் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்றாலும், சூடே மங்குத் திட்டுகளைத் தூண்டக்கூடியது என்பதால், சன்ஸ்கிறீனும் வைத்தியர் எழுதித்தரும் கிறீம்களும் முதலில், லேசர் பிறகுதான் என்றார். செய்வதானாலும் காதோரத்தில் சிறிய இடத்தில் சோதித்துச் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் வெயிலில் போனதுதான் காரணம் என்றார் முகாமையாளர். பற்றுச்சீட்டை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன்: "ஃபேஷியல் பக்கேஜ்" என்றிருந்தது, லேசர் என்ற சொல்லே இல்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஃபேஷியல் என்று எழுதிவிட்டால் அது வெறும் அழகு நிலையமாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே, பணம் கட்டுமுன் இயந்திரத்தின் பெயரையும் அலைநீளத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். செய்பவர் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். எழுதித்தர மறுத்தால் அங்கே முகத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் புகைப்படங்களுடன் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறேன். நிலையத்தார் இதுவரை தர முன்வந்தது, மீதி நான்கு தடவைகளுக்குப் பதிலாக இரண்டு ஃபேஷியல் மட்டுமே.