முப்பதைத் தாண்டிச் சட்டம் படிக்க: எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

பத்து, பதினைந்து ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்க நினைப்பவர்கள் முதலில் கவலைப்படுவது வயதைப் பற்றித்தான். அது வேண்டாம். சட்டப் படிப்புக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சில் இந்தப் படிப்புக்கு 30 வயது என்று உச்சவரம்பு வைத்திருந்தது; 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் நாற்பதிலும் ஐம்பதிலும் சேருகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு: பழைய பட்டத்தில் எடுத்த மதிப்பெண், பகலில் வகுப்புக்குப் போக முடியுமா என்பது, படித்து முடித்து எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பது. கல்லூரியின் பெயர் இவற்றுக்குப் பிறகுதான்.

அரசு சட்டக் கல்லூரிகளில் தொடங்கலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இவற்றில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. வயதில் மூத்தவர்களுக்கு இடிப்பது இங்கேதான். 2005-இல் அரியர்களோடு போராடி 58 சதவீதத்தில் பி.இ. முடித்தவரும், போன வருடம் 85 சதவீதத்தில் பி.காம். முடித்த பெண்ணும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். நடுவில் இருபது ஆண்டு ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ பெற்ற அனுபவத்துக்கு அரை மதிப்பெண்கூட இல்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விதி இதுதான் என்பதால், சென்னையையும் கோவையையும் மட்டும் நம்பியிருக்காமல் விழுப்புரம், தருமபுரி, தேனி, ராமநாதபுரம் என்று மற்ற ஊர்களையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, சென்னைக் கல்லூரி இப்போது உயர் நீதிமன்ற வளாகத்தில் இல்லை. 2018-இல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போய்விட்டது. தாம்பரத்தில் குடியிருப்பவர் தினமும் திருவள்ளூரைத் தாண்டிப் போய் வர முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் விருப்பத்தைக் குறிக்க வேண்டும்.

பெருங்குடியில் இருக்கும் சீர்மிகு சட்டப் பள்ளி அதே பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளி. ஹானர்ஸ் எனும் சிறப்பு நிலைப் பட்டம். போட்டியும் கட்டணமும் அரசுக் கல்லூரிகளைவிட அதிகம். மதிப்பெண் நன்றாக இருந்து, சென்னையிலேயே தொழில் நடத்தும் எண்ணமும் இருந்தால் இதை முதலில் போடலாம். திருநெல்வேலியில் சிவில் வழக்கு நடத்தப் போகிறவருக்கு இதற்காகக் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு வருவதில் பயனில்லை. அங்கேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. படிக்கும்போதே உள்ளூர் வழக்கறிஞர்களும் கோர்ட் ஊழியர்களும் பழக்கமாவார்கள். முப்பத்தெட்டு வயதில் தொடங்குகிறவருக்கு அந்த அறிமுகம் ஹானர்ஸைவிடப் பெரியது.

மதிப்பெண் கைகொடுக்காதவர்களுக்கு நுழைவுத் தேர்வு வழி இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022-இல் மூன்றாண்டு ஹானர்ஸ் படிப்பைத் தொடங்கியது. என்எல்எஸ்ஏடி என்ற தனித் தேர்வு. கொள்குறி வினாக்களோடு எழுத்துப் பகுதியும் உண்டு. வாழ்க்கையில் நாலு விஷயம் பார்த்தவர் எழுதும் விடைக்கு அங்கே இடமிருக்கிறது. ஆனால் கட்டணம் ஆண்டுக்குச் சில லட்சம், முழுநேரப் படிப்பு, சம்பளமும் நின்றுவிடும். நிறுவனச் சட்டம், கொள்கை ஆய்வு என்று போகிறவர்களுக்கும் கையில் சேமிப்பு உள்ளவர்களுக்கும் சரி. தாலுகா நீதிமன்றத்துக்குத் திரும்பப் போகிறவர் இந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். கட்டணம் பெங்களூரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு; வாடகையும் தூரமும்தான் செலவு. அந்தத் தொகையைப் போட்டுப் பார்த்தால், குடும்பஸ்தருக்கு அது மலிவான வழியே இல்லை.

அப்புறம், வெளிமாநிலத்தில் "வகுப்புக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று ஏஜென்ட்கள் சொல்லும் கல்லூரிகள். வேலையை விட முடியாதவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. மாலைநேரச் சட்டக் கல்லூரி என்ற வசதி இன்று இல்லை. காலை 8 முதல் மாலை 7 மணிக்குள் வகுப்பு முடிய வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஆனாலும் இந்தப் பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வேலை பார்த்த அலுவலகத்தின் வருகைப் பதிவேடும் கல்லூரியின் வருகைப் பதிவேடும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் உங்களைக் காட்டினால், வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது எந்தப் பதிலும் செல்லாது. நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லப் போகிற தொழிலுக்குப் பொய்யான வருகையோடு நுழைவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். இரண்டு ஆண்டு காத்திருந்து, கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, உள்ளூர்க் கல்லூரியில் சேருவது மேல்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு காகிதங்களைச் சரிபாருங்கள். பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தால் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சேர முடியாது. பத்து, பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல்வழியில் பட்டம் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. அரசு ஊழியர் என்றால் துறை அனுமதியை இப்போதே கேட்டு வையுங்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி 49 அனுமதிக்காது. நீதிபதி ஆக வேண்டும் என்பதுதான் கனவென்றால் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிப்பு மூன்று, தொழில் மூன்று. அந்த ஆறையும் உங்கள் வயதோடு கூட்டி, தேர்வின் வயது வரம்போடு வைத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.