உகுலேலேவுக்கு நைலானா, ஃபுளோரோகார்பனா?

உகுலேலே, நான்கு தந்தி கொண்ட, சிறிய கித்தார் போன்ற ஹவாய் வாத்தியம். அதற்கு முதலில் விலங்குக் குடலில் செய்த தந்திதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வந்தது. இப்போது பலர் ஃபுளோரோகார்பனுக்கு மாறுகிறார்கள். தூண்டில் நரம்பு செய்கிற அதே சரக்குதான்!

ஒலி: நைலான் மென்மை; ஃபுளோரோகார்பன் கணீர்.

விலை: நைலான் மலிவு.

தடிமன்: நைலானின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.15 கிராம், ஃபுளோரோகார்பன் 1.78. அதனால் அதே சுருதிக்கு ஃபுளோரோகார்பனில் மெல்லிய தந்தியே போதும். விரலுக்கு இது நன்றாகவே தெரியும், சிலருக்கு உறுத்தும்.

சுருதி: நைலான் ஈரம் குடிக்கும். மழை நாளில் காலையில் சேர்த்த ‘ஏ’ தந்தி மாலையில் இறங்கியிருக்கும். ஃபுளோரோகார்பன் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது.

பழகுகிறவருக்கு, பாட்டுக்குக் கூட வாசிப்பவருக்கு நைலான் தாராளம். தனித்து மெட்டு வாசிக்கவும் மேடைக்கும் ஃபுளோரோகார்பன். எதுவானாலும் முதல் வாரம் இழுபடும், அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்.