மவுசு குறைந்த படத்துக்குத் தீம் பார்க்: எது தேறும், எது தேறாது

அவதார் படத்தை வைத்துப் பூங்கா கட்டப்போகிறோம் என்று 2011-இல் டிஸ்னி அறிவித்தபோது கேலி செய்தவர்கள் ஏராளம். 2009 டிசம்பரில் வந்த அந்தப் படம் வசூலில் உலக சாதனை படைத்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதைப் பற்றிப் பேச ஆளில்லை. நாயகன் பெயரைக் கேட்டால் படம் பார்த்தவர்களே விழிப்பார்கள். அடுத்த வருடமே டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து ஸ்டார் வார்ஸை வாங்கியது. அதற்கு மூன்று தலைமுறை ரசிகர் பட்டாளம்.

ஆக, ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே காலத்தில், மவுசு போன படத்துக்கு ஒரு பூங்காவும் மவுசு உள்ள படத்துக்கு ஒரு பூங்காவும் கட்டியது. எது கெட்டிக்கார முதலீடு என்று அன்று கேட்டிருந்தால் யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

அவதார் பூங்காவான பண்டோரா 2017 மே மாதம் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவுக்குள் ஒரு பகுதியாகத் திறந்தது. 2016-இல் அனிமல் கிங்டமுக்கு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம். 2017-இல் அது 1 கோடியே 25 லட்சம் ஆனது. முதல் சில மாதங்கள் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் ரைடுக்கு மூன்று நான்கு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். பைக்கில் உட்காருவது போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். முன்னால் பெரிய திரை. பறக்கும் விலங்கின் முதுகில் போவதாகக் கணக்கு. அந்த விலங்கு மூச்சு விடும்போது இருக்கை தொடைகளுக்கு நடுவே உப்பித் தணியும். அதை ரசிக்கப் படம் பார்த்திருக்கத் தேவையில்லை, விலங்கின் பெயர்கூடத் தெரிய வேண்டாம்.

கட்டியவர்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். படத்தின் கதையை அங்கே கொண்டுவரவில்லை. போரெல்லாம் முடிந்து ஒரு தலைமுறை கழித்து, அந்தக் கிரகத்துக்குச் சுற்றுலாப் பயணியாக நீங்கள் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். படத்தின் நாயகன் நாயகி யாரும் வந்து கை குலுக்க மாட்டார்கள். அந்தரத்தில் மிதக்கும் மலைகள், அவற்றைத் தாங்கும் இரும்பை மறைக்கும் கொடிகள், இருட்டினால் ஒளிரும் தரை. மறந்து போன படம் இங்கே லாபமாகவே ஆயிற்று: பெரிய எதிர்பார்ப்போடு யாரும் வரவில்லை, வந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

ஸ்டார் வார்ஸ் பூங்கா, அதாவது கேலக்ஸிஸ் எட்ஜ், 2019 மே கடைசியில் கலிஃபோர்னியாவிலும் ஆகஸ்ட் கடைசியில் ஃப்ளோரிடாவிலும் திறந்தது. ஒவ்வொன்றும் 14 ஏக்கர். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சில மாதம் கழித்து வந்த ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் இன்றைக்கும் உலகின் தலைசிறந்த ரைடுகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் முதல் கோடையில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கூட்டத்துக்குப் பயந்து மக்கள் தள்ளிப்போட்டார்கள் என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று.

படங்களில் வராத ஒரு புதுக் கிரகத்தை உருவாக்கிவிட்டு, அதைப் புது முத்தொகுப்பின், அதாவது டிஸ்னி எடுத்த மூன்று படங்களின், கதைக்கு நடுவே, ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஆணியடித்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் பழைய படங்களின் வில்லன் டார்த் வேடர் இல்லை, நாயகன் இளம் லூக் இல்லை. தாத்தா முதல் பேரன் வரை எல்லோரும் ஆசைப்பட்டு வந்தது அவர்களைப் பார்க்கத்தான். ஊழியர்களோ அந்தக் கிரகத்து முறைப்படி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் முத்தொகுப்பு முடிந்தது, கடைசிப் படத்துக்குப் பேச்சு சுமார்தான். அதன் பின் ஆறு வருடத்துக்கு மேல் ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றுகூடத் தியேட்டருக்கு வரவில்லை. மவுசு குறைந்த அந்தக் கதையோடு பூங்கா கட்டிப்போடப்பட்டிருந்தது. கடைசியில் டிஸ்னியே இறங்கிவந்து, 2026-இலிருந்து கலிஃபோர்னியாவில் காலக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி வேடரையும் லூக்கையும் இளவரசி லேயாவையும் உள்ளே விடுவதாக அறிவித்தது.

இதே பிடிவாதத்தின் உச்சம்தான் டிஸ்னியின் கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர் ஹோட்டல். தங்க வருபவர்களே ஸ்டார் வார்ஸ் விண்கலக் கதையில் பாத்திரங்களாகிவிட வேண்டும். 100 அறைகள், இரண்டு இரவு, இரண்டு பேருக்கு ஏறக்குறைய 4,800 டாலர். 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடினார்கள். போய் வந்த தீவிர ரசிகர்கள் பலர் உருகி உருகிப் பேசுகிறார்கள். பேசட்டும், அந்த விலை கொடுத்து நாடகத்தில் பாத்திரமாக நடிக்க எத்தனை குடும்பம் வரும்?

டிஸ்னியின் போட்டியாளரான யூனிவர்சல் இதில் விவரமானவர்கள். 2010-இல் ஹாரி பாட்டர் பகுதியை ஒர்லாண்டோவில் தங்கள் பூங்கா ஒன்றில் திறந்தார்கள். 2009-இல் சுமார் 46 லட்சமாக இருந்த அந்தப் பூங்காவின் கூட்டம் 2011-இல் 76 லட்சத்தைத் தாண்டியது. அதே 2011-இல் கடைசிப் படமும் வந்து தொடர் முடிந்தது. ஆனாலும் கதையில் வரும் பட்டர்பியர் பானத்தின் விற்பனையும் மந்திரக்கோல் கடை வரிசையும் நின்றபாடில்லை. கதை முடிந்தாலும் கிராமமும் கடைத்தெருவும் முடிவதில்லையே. உண்மையில் மங்கியது அதன் கிளைத் தொடரான ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்தான். மூன்றாவது படத்தோடு 2022-இல் படுத்துவிட்டது. அதையும் வீணாக்கவில்லை. 2025 மே மாதம் திறந்த புதுப் பூங்காவான எபிக் யூனிவர்ஸில் 1920-களின் பாரிஸ் தெருவை அந்தத் தொடரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், முக்கிய ரைடில் மட்டும் ஹாரியையும் நண்பர்களையும் வைத்தார்கள்.

இந்த மூன்றும் பெரும் பணம் கொட்டியவை. சின்ன முதலீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் கணக்கு இன்னும் வேடிக்கை. வாட்டர்வேர்ல்ட் 1995-இல் வந்தபோது அதுவரை எடுத்த படங்களிலேயே அதிகச் செலவு என்ற பெயரோடு வந்து, அமெரிக்காவில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அதே வருடம் ஹாலிவுட் யூனிவர்சலில் தொடங்கிய அதன் ஸ்டண்ட் ஷோ முப்பது வருடம் தாண்டி ஓடுகிறது. பின்னாளில் ஒசாகாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. நம்மவர்கள் சிங்கப்பூரில் பார்க்கிறார்களே, அவர்களில் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஜெட் ஸ்கீ, நெருப்பு, முன்வரிசையை நனைக்கும் தண்ணீர், கடைசியில் சுவருக்கு மேலாகப் பாய்ந்து வரும் விமானம். இதற்குக் கதைச் சுருக்கம் எதற்கு!

டிஸ்னியின் ஸ்பிளாஷ் மவுன்டன் ரைடும் இப்படித்தான். 1946-இல் வந்த சாங் ஆஃப் தி சவுத் படத்தை வைத்து 1989-இல் கட்டியது. கறுப்பினத்தவரைக் காட்டிய விதத்துக்காக அந்தப் படத்தை டிஸ்னி அமெரிக்காவில் வீடியோவாகக்கூட விற்கவில்லை. மரக்கட்டைப் படகில் ஏறிச் சரிந்து விழுந்தவர்களுக்கு அது தெரியவும் இல்லை. ஆனால் ஒன்று: 2023-இல் அமெரிக்காவில் இருந்த இரண்டு ஸ்பிளாஷ் மவுன்டன்களையும் மூடி வேறு கதையாக மாற்றக் காரணமானதும் அந்தப் படம்தான். மறந்த படம் பிரச்சினை இல்லை. உறுத்தும் படம் பிரச்சினை.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களில் வரும் கிராமமான நியூசிலாந்தின் ஹாபிட்டன் வேறு ரகம். மாட்டாமாட்டா பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையை 1998-இல் வானிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் என்ற முதல் முத்தொகுப்புக்குப் போட்டது தற்காலிக செட். ஹாபிட் படங்களுக்காகத் திரும்ப வந்தபோது நிரந்தரமாகவே கட்டினார்கள். பெரும்பாலான கதவுகளைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் மண். நாயகனின் வீடான பேக் எண்டுக்கு மேலே நிற்கும் மரம் பொய் மரம், ஒவ்வொரு இலையையும் கையால் கம்பியில் கட்டியது. இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஹாபிட் படங்கள் முதல் முத்தொகுப்பின் பேரை எடுக்காததால் யாரும் பயணத்தை ரத்து செய்யவில்லை. நிஜப் புல்வெளியும் சுற்றிலும் மேயும் ஆடுகளும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. ராமோஜி ஃபிலிம் சிட்டியின் பாகுபலி செட்டுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே படத்தின் நினைவுதான் மூலதனம்.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். ஒர்லாண்டோவில் பேக் டு தி ஃப்யூச்சர் ரைடு 2007-இல் போனது, டெர்மினேட்டர் 2017-இல் போனது. இரண்டிலும் அனுபவத்தைத் தாங்கியது திரைத் தொழில்நுட்பமும் பிரபல முகங்களும். தொழில்நுட்பம் பழசானதும் சுற்றி நடந்து பார்க்க ஓர் இடம் மிஞ்சவில்லை.

என்னிடம் கேட்டால், மவுசு குறைந்த படத்தை உரிமம் வாங்கத் தயங்க வேண்டாம் என்பேன், ஒரே நிபந்தனையோடு: படத்தைப் பார்க்காத பாட்டியை அழைத்துப்போனால் அவருக்கு அங்கே அலுக்காமல் பொழுது போக வேண்டும். பண்டோரா, ஹாபிட்டன், வாட்டர்வேர்ல்ட் மூன்றும் இதில் தேறும். கேலக்ஸிஸ் எட்ஜ் பாதிதான் தேறும், அதுவும் ரைடுகளின் புண்ணியத்தில்.