விஜிஏ போர்ட்டோடு 1050 டிஐ கொடுத்தால் வாங்காதீர்கள்

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று கொடுக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் (கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) பின்பக்கம், பழைய மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால், பேரம்கூடப் பேசாமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எனக்கு இது புரிய 5,800 ரூபாயும் மூன்று வாரமும் ஆனது.

கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன் செய்து தரும் சின்ன டிடிபி கடை என்னுடையது. ஒரு திரையில் டிசைன், இன்னொன்றில் கஸ்டமர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் திருத்தங்கள் என்று வைத்துக்கொண்டால் வசதி என்று இரண்டாவது மானிட்டர் வாங்கினேன். புதியதில் எச்டிஎம்ஐ போர்ட். பழையதில் விஜிஏ மட்டும்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டேன். “ரெண்டு மானிட்டர்னா தனியா கார்டு போட்டே ஆகணும் சார். இது 4 ஜிபி. எச்டிஎம்ஐ, விஜிஏ ரெண்டும் இருக்கு, கன்வெர்ட்டர் செலவே கிடையாது” என்றார். நான் தேடிப் போனதே அந்த விஜிஏவைத்தானே! ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்றார். சரி, எஸ்டிமேட் சீட்டே போதும் என்று வாங்கிக்கொண்டேன். இது என் தப்பு, மறைக்கவில்லை.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, “நெட்ல இருந்து மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க” என்றார். அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் ஓடியது. பிறகு, போட்டோஷாப்பில் பெரிய ஃபைல் திறந்தாலே திரை முழுக்கக் கோடு கோடாக வந்து சிஸ்டம் நின்றுவிடும். முகூர்த்த சீசன் வேறு. பொறுக்க முடியாமல், 1050 டிஐ சிப்பின் நிறுவனமான என்விடியாவின் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்கிப் போட்டேன். இரண்டு திரையும் இருண்டுவிட்டன.

அக்கா மகன் வந்துதான் சேஃப் மோடில் ஏற்றி, பழைய டிரைவரைப் போட்டு, கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டினான். கார்டின் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று போட்டிருந்தது. அசல் 1050 டிஐயில் கணக்குப் போடும் கோர்கள் 768, இதில் 192. உள்ளே இருந்தது 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 என்ற பழைய கார்டின் சிப். கார்டின் அடையாளத்தைச் சொல்லும் உள் மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, 4 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய சிப்புக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2018இலேயே நிறுத்திவிட்டது. கடைக்காரரின் அக்கறைக்குக் காரணம் இதுதான்.

1050 டிஐ சிப்பில் அனலாக் சிக்னல் அனுப்பும் வசதியே கிடையாது. அந்தத் தலைமுறையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். விஜிஏ போர்ட்டோ அனலாக் சிக்னலில்தான் வேலை செய்யும். எதைப் பார்த்து மயங்கினேனோ அதுவே போலி என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது! கார்டின் தலையில் ஆறு பின் பவர் சாக்கெட்டும் இருந்தது. 75 வாட்டில் ஓடும் பெரும்பாலான 1050 டிஐகளுக்கு அது தேவையே இல்லை.

கடைக்கு எடுத்துப் போனேன். “டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள்தான் சார், நம்ம கடைல வாங்குனதுன்னு பில் இருக்கா?” அவ்வளவுதான் பேச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். 18 சதவீதம் மிச்சம் பிடித்தவன் என்ன பதில் சொல்வது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அக்கா மகன் கார்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கேபிளையும் நேராக மதர்போர்டின் பின்னால் சொருகினான். அங்கே விஜிஏவும் இருந்தது, பக்கத்திலேயே தூசி படிந்த எச்டிஎம்ஐயும் இருந்தது. என்னுடையது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர். அதற்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் மூன்று திரை வரை தாங்குமாம். விண்டோஸ் கீயோடு ‘பி’யை அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தான். இரண்டும் பளிச்சென்று வந்தன.

“மொத நாளே இப்படிச் சொருகிப் பாத்திருக்கலாமே மாமா” என்றான்.